ஹோட்டன் சமவெளியூடாக ஒரு நாள் நடை

நிலத்தைப் பாகுபடுத்திய நம் முன்னோர் மலையையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி எனப் பெயரிட்டு வழங்கினர். மலைவழியே செல்வோர்க்கு வழிகூறும் நூலும் நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட வேறொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லுவதாக அமைந்தது. அதனைப் பாடிய பெருங்கௌசிகனார் மலையின் வளத்தை மாத்திரம் சொல்லி அமைந்தாரல்லர். கால் வழுக்கும் இடம் எது, பாம்பு உறையும் இடம் எது, விலங்குகளுக்கு வைத்த பொறி எங்கே உள்ளது, இரவில் எங்கே தங்கலாம், உணவு எங்கே கிடைக்கும் என்பனவற்றையும் எடுத்துரைத்தார். அழகை நாடிச் செல்வோன் இடரையும் அறிந்து செல்லல் வேண்டும் என்பது அப்பெரும் புலவரின் உள்ளக் கிடக்கை.

இக்காலத்தில் நம் மாணவர் பலர் மலைநாட்டை வாகனச் சாளரத்தினூடாகவே காண்கின்றனர். விடியுமுன் புறப்பட்டு, பகல் முழுதும் நடந்து, மாலையில் மலையின் மறுபுறத்தே சென்று சேரும் நடையின் இன்பத்தை அறிந்தோர் சிலரே. அத்தகைய நடை ஒன்றை எங்ஙனம் திட்டமிடுவது என்பதை, நம் நாட்டின் ஹோட்டன் சமவெளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையிற் கூறுவோம்.

மலைநடை இருவகைப்படும். சென்ற வழியே மீள்வது ஒருவகை. ஓரிடத்திற் புகுந்து வேறோரிடத்தில் வெளிப்படுவது மற்றொரு வகை. முன்னையதில் களைப்புத் தோன்றினால் எந்த இடத்திலும் திரும்பலாம். திரும்பும் வழியும் முன்னரே பழகிய வழி. பின்னையதிலோ பாதிவழி கடந்தபின் திரும்புதலும் முன்னே செல்லுதலும் ஒரே தூரமாகிவிடுகின்றன. அதன்பின் திரும்புவதாற் பெறும் ஆதாயம் ஒன்றுமில்லை. ஆதலின் இவ்வகை நடையைத் திட்டமிடுவோன் தொடக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குதல் தவறு. முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். இக்கட்டுரை கூற எடுத்துக்கொண்ட பொருள் முழுவதும் இவ்வொரு வாக்கியத்துள் அடங்கும். ஏனையவை அதன் விரிவே.

இனி, இடத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். சிங்கள மக்கள் மகா எலிய என வழங்கிய இச்சமவெளிக்கு, 1831 முதல் 1837 வரை இங்கு தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் சூட்டினர். கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில், புல்வெளியும் முகிற்காடும் மாறிமாறி அமைந்த நிலம் இது. நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலையாகிய கிரிகல்பொத்தவும், மூன்றாவதாகிய தொட்டுபொலவும் இதன் எல்லைக்குள்ளேயே உள்ளன. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளின் தலையூற்றுகளும் இப்பகுதியைச் சார்ந்தவை. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்காது விடுதல் வேண்டுமெனத் தாவரவியலறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் 1873 ஆம் ஆண்டில் அரசுக்கு ஆலோசனை கூறினார். கோப்பியும் தேயிலையும் ஏனைய மலைகளின் காடுகளை விழுங்கியபோது இந்நிலம் எஞ்சியமைக்கு அவ்வாலோசனையும் ஒரு காரணம். 1988 இல் இது தேசிய பூங்காவாயிற்று. 2010 இல், சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தமிழ் கற்போர் இங்கு சிறப்பாகக் காணவேண்டிய செடி ஒன்றுண்டு. சிங்களத்தில் நெலு எனப்படும் அச்செடி, சங்கப் புலவர் போற்றிய குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் வகைகளுட் சில, ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துப் பின் மடிகின்றன. குறிஞ்சித் திணையை ஏட்டிற் படித்த மாணவன் ஒருவன் அதன் உறவுச் செடியை மலையிலே தொட்டுப் பார்ப்பானாயின், அன்று அவன் கற்ற பாடம் எளிதில் மறவாது.

இனி, வழி. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதப் பாதையில் பட்டிப்பொல, ஒஹிய என இரு நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன. பட்டிப்பொல நம் நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். அதன் உயரம் ஏறக்குறைய 1,890 மீற்றர். ஒஹிய அதனினும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. இவ்விரு நிலையங்களிலிருந்தும் சமவெளிக்கு வீதிகள் ஏறுகின்றன. சமவெளியின் நடுவே, முற்காலத்தில் வேட்டை விடுதியாக இருந்து இப்பொழுது பார்வையாளர் நிலையமாக விளங்கும் ஃபார் இன் என்னும் இல்லம் உள்ளது. பட்டிப்பொலவிலிருந்தும் ஒஹியவிலிருந்தும் அதற்குச் செல்லும் தூரம் தனித்தனியே ஏறக்குறைய 10 அல்லது 11 கிலோமீற்றர். அங்கிருந்து உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைக் கண்டு மீண்டும் அவ்விடமே வந்துசேரும் சுற்றுப்பாதை 9.5 கிலோமீற்றர். ஆகவே, ஒரு நிலையத்தில் இறங்கி, சமவெளியைக் கடந்து, சுற்றுப்பாதையையும் நடந்து, அடுத்த நிலையத்தில் வண்டியேறுவோன் ஏறக்குறைய 31 கிலோமீற்றர் நடப்பான். புகையிரதம் சிறிது நேரத்திற் கடக்கும் இடைவெளியை அவன் ஒரு பகல் முழுதும் கடக்கின்றான்.

இத்தூரம் ஒரு பகலில் அடங்குமா? இவ்வினாவுக்கு ஊக்கம் விடைகூறாது, கணக்கே விடைகூறும். வில்லியம் நெயிஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறி 1892 இல் ஓர் எளிய விதியை வகுத்தார். அதனை மெற்றிக் அளவையிற் கூறினால், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரமும், அதனோடு ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலும் ஒரு மணி நேரமும் கொள்ளல் வேண்டும். நம் வழியில் 31 கிலோமீற்றருக்கு ஆறு மணியும் பன்னிரண்டு நிமிடமும் ஆகும். ஏற்றம் அனைத்தும் சேர்த்து 600 மீற்றர் எனக் கொண்டால் இன்னும் ஒரு மணி. மொத்தம் ஏழேகால் மணி நேரம் எனலாம். ஆனால் இது உடல்வலிமை வாய்ந்த ஒருவன் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. இதில் உணவுக்கு இடமில்லை. நின்று பார்ப்பதற்கு இடமில்லை. செருப்புக் கடித்த மாணவன் ஒருவன் கல்லின்மேல் உட்காருவதற்கும் இடமில்லை. மாணவர் குழுவொன்றுக்கு இதனோடு பாதியைக் கூட்டிக்கொள்ளல் தகும். அவ்வாறு கூட்டினால் ஏறக்குறையப் பதினொரு மணி நேரமாகின்றது.

நம் நாட்டின் பகற்பொழுது ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம். பெப்ரவரி மாதத்தில் சூரியன் காலை 6.25 மணியளவில் உதித்து மாலை 6.20 மணியளவில் மறைகின்றது. நடை பதினொரு மணி. பகல் பன்னிரண்டு மணி. எஞ்சுவது ஒரு மணி நேரமே. மலையில் ஒரு மணி நேரம் போதிய கையிருப்பு அன்று. ஒருவன் கணுக்கால் சுளுக்கினால் அது முழுவதும் செலவாகிவிடும். ஆகவே வைகறை இருளிலே, 5 மணிக்கு, வீதியில் நடக்கத் தொடங்குதல் வேண்டும். இருளில் நடப்பதாயின் அதனைக் காலையிலேயே நடந்துவிடுதல் நன்று. காலை இருளின் முடிவில் வெளிச்சம் உண்டு. உடலும் களைப்பின்றி இருக்கும். மாலை இருள் களைத்த கால்களின்மீது கவிவது.

எந்த நிலையத்திற் தொடங்குவது என்பது அடுத்த வினா. பட்டிப்பொலவிற் தொடங்கி ஒஹியவில் முடித்தல் நலம் என்பது எம் கருத்து. பட்டிப்பொல உயர்ந்த நிலையமாதலின் ஏற்றம் குறைவு. அவ்வேற்றமும் காலைக் குளிரில், கால்கள் புதியனவாக இருக்கும்போதே முடிந்துவிடும். மாலையில் காட்டினூடாக ஒஹியவுக்கு இறங்கும் வீதி பெரும்பாலும் இறக்கமானது. இறக்கம் எளிது எனினும் முழங்காலுக்கும் பெருவிரலுக்கும் சோதனையாவது. ஆதலின் கடைசி இறக்கத்துக்கு முன்னர்க் காலணியின் கயிற்றை இறுகக் கட்டிக்கொள்ளல் வேண்டும்.

இனி, முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். மாலை 5.15 மணிக்குப் பிந்தாமல் ஒஹியவை அடைதல் வேண்டும் எனக் கொள்வோம். அங்ஙனமாயின் மறைவதற்குமுன் ஒரு மணி நேர வெளிச்சம் கையிருப்பாக இருக்கும். ஃபார் இன்னிலிருந்து ஒஹியவுக்கு ஓய்வு உட்பட மூன்றேகால் மணி வேண்டும். எனவே அங்கிருந்து பிற்பகல் 2 மணிக்காவது புறப்படல் வேண்டும். அதற்குமுன் மதிய உணவுக்கு முக்கால் மணி. அதற்குமுன் சுற்றுப்பாதைக்கு மூன்றரை மணி. இவற்றைக் கழித்தால் காலை 9.45 மணி வருகின்றது. இதுவே இந்நடையின் உயிர்நிலையான நேரம். 9.45 மணிக்குமுன் ஃபார் இன்னை அடைந்த குழு சுற்றுப்பாதையிற் புகலாம். பிந்திய குழு, உலக முடிவு எத்துணை அருகில் இருப்பினும், அதனை விடுத்து நேரே ஒஹிய வீதியிற் செல்லல் வேண்டும். காலை 5 மணிக்குப் புறப்பட்டுத் திட்டப்படி நடந்தால் 8.30 மணியளவில் அங்கு சேரலாம். ஆதலின் ஒன்றேகால் மணி நேரம் தாமதித்தாலும் திட்டம் குலையாது.

இந்த எல்லை நேரத்தை முதல்நாளே தாளில் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, உடன்பாடு பெறுதல் வேண்டும். மலையில் நின்றுகொண்டு முடிவு செய்தல் தவறு. அங்கே ஆசை பேசும், அயர்வும் பேசும், இவ்வளவு தூரம் வந்தோமே என்னும் எண்ணமும் பேசும். முதல்நாள் எழுதிய தாள் ஒன்றே நடுவுநிலையிற் பேசுவது.

இங்கு மூடுபனியைப் பற்றியும் கூறுதல் வேண்டும். உலக முடிவு என்பது சமவெளியின் தென்விளிம்பில், ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்துக்குச் சரியும் மலைமுகம். தெளிந்த காலையில் அங்கிருந்து தென்கடற்பக்கம் வரை பார்வை செல்லும். ஆனால் காலை 9, 10 மணியளவில் அக்காட்சி பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. கீழேயுள்ள பள்ளத்தாக்கு வெயிலில் வெப்பமடைய, ஈரங்கொண்ட காற்று மலைமுகத்தைத் தழுவி மேலெழுகின்றது. மேலெழுந்தோறும் குளிர்ந்து, விளிம்பை அடையும்போது முகிலாகின்றது. அஃது ஒரு வெண்சுவர்போல் எழுந்து நிற்கும். பட்டிப்பொலவிலிருந்து நடந்தே வருவோர் 10 மணிக்குமுன் அங்கு சேர்தல் அரிது. எனவே திட்டமிடுவோன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு: வேண்டுவது காட்சியா, நடையா? காட்சியை வேண்டுவோர் விடியற்காலையில் வாகனத்தில் ஏறிச் செல்க. நடையை வேண்டுவோர் வெண்சுவரைக் காணவும் முன்னரே உடன்படுக.

இரண்டையும் ஓரளவு பெறுதற்கும் வழியுண்டு. பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து வாகனத்திற் சென்று, வாயில் திறந்தவுடன் புகுந்து, 7 மணியளவில் சுற்றுப்பாதையைத் தொடங்கினால் மூடுபனிக்கு முன்பே உலக முடிவைக் காணலாம். 10.30 மணிக்கு ஃபார் இன்னுக்கு மீண்டு, சிற்றுண்டி அருந்தி, 11 மணிக்கு நடந்து புறப்பட்டால் பிற்பகல் 2.15 மணியளவில் ஒஹியவை அடையலாம். இதன் நடைத்தூரம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர், பெரும்பகுதி இறக்கம். பதினைந்து வயதுக்கு உட்பட்ட மாணவரும், நடைப்பழக்கம் விட்ட பழைய மாணவரும் இவ்வழியைக் கொள்வதே தகும். முழுநடையோ, முன்னர்ப் பலமுறை 20 கிலோமீற்றர் நடந்து பழகிய சிறு குழுவுக்கே உரியது. ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை போதும்.

காலத்தைத் தெரிதலும் இன்றியமையாதது. சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களே ஏற்றவை. அக்காலத்தில் மழை குறைவு எனினும் குளிர் மிகுதி. சில இரவுகளிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. உயரம் ஒவ்வொரு 100 மீற்றர் கூடுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 0.65 பாகை செல்சியஸ் குறைகின்றது. ஆகவே கடற்கரை ஊரிலிருந்து செல்வோன், அதே நேரத்தில் தன் வீட்டு முற்றத்தில் உள்ளதினும் பதின்மூன்று அல்லது பதினான்கு பாகை குறைந்த இடத்திற் சென்று நிற்கின்றான். யாழ்ப்பாணத்து வெயிலிற் பிறந்து வளர்ந்த மாணவனுக்கு இக்குளிர் புதியது. குளிரினும் கொடியது நனைந்த ஆடைமேல் வீசும் காற்று. பருத்தி ஆடை வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் எளிதில் உலராது. கம்பளிச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்று என மூன்றும் ஒவ்வொருவர் பையிலும் இருத்தல் வேண்டும். உச்சிவெயிலோ குளிர் காரணமாக உறைப்பதில்லை. ஆயினும் அவ்வுயரத்தில் அது தோலை விரைவிற் சுட்டுவிடும். தொப்பி அணிதல் நன்று.

உணவு விடயத்தில் நம் பழைய முறையே அங்கு பொருத்தமானது. பொலித்தீன் பைகளையும் உறைகளையும் பூங்காவினுள் கொண்டுசெல்லல் ஆகாது. வாயிலிற் பைகளைச் சோதிப்பர். ஆகவே வாழையிலையிற் கட்டிய சோறே சிறந்தது. அதனோடு பனங்கட்டி, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய் ஆகியவற்றைக் கொண்டுசென்றால் இடையிடையே உண்ணலாம். அவை நெடுநேரம் கெடாதவை. சிறிதளவிலேயே வலுத் தருவன. பசித்தபின் உண்ணாது, பசிக்குமுன் ஒரு மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்ணுதல் நெடுநடையின் முறை. தண்ணீர் ஒருவருக்கு இரண்டு இலீற்றருக்குக் குறையாமல் உலோகப் போத்தலிற் கொண்டுசெல்க. ஓடைகள் பளிங்குபோல் தோன்றினும் கொதிக்காத நீரை நம்பிக் குடித்தலாகாது. ரோச் விளக்கு, விசில், காயத்துக்குக் கட்டும் துணி, வழிப்படம் ஆகியன குழுவுக்குப் பொதுவாக வேண்டும். கைத்தொலைபேசி பல இடங்களில் வேலை செய்யாது. ஆகவே அதிலுள்ள படத்தை மாத்திரம் நம்பாது, தாளில் வரைந்த படம் ஒன்றையும் வைத்துக்கொள்க. இரு நிலையங்களிலிருந்தும் வரும் வீதிகள் சமவெளியிற் சந்திக்கின்றன. அச்சந்தியில் எத்திசை திரும்புவது என்பதைப் படத்திற் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

குழு நடக்கும் முறை பற்றி ஆசிரியன் என்ற வகையிற் சில சொல்லுவேன். முன்னே செல்வோன் குழுவிற் சிறந்த நடையாளன் என்றே பலர் எண்ணுவர். அவ்வாறன்று. மிக மெதுவாக நடப்பவனை முன்னிரண்டு மூன்று பேருள் ஒருவனாக வைத்தல் வேண்டும். அவன் காலே குழுவின் கடிகாரம். கடைசியில் வருபவர் பொறுப்புள்ள மூத்தவராக இருத்தல் வேண்டும்; அவருக்குப் பின்னால் எவரும் நிற்றலாகாது. முன்னோர் ஓய்ந்திருந்து, பின்னோர் வந்து சேர்ந்தவுடன் எழுந்து செல்வராயின், ஓய்வு வேண்டாதவனுக்கு ஓய்வும், வேண்டியவனுக்கு ஓய்வின்மையும் ஆகிவிடும். இதனை மாணவர் நடைகளிற் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்தபின் ஐந்து நிமிடம் இருந்து, தலை எண்ணி, பின் புறப்படுதலே முறை. மூடுபனி சூழ்ந்தால் இடைவெளி ஐந்து அடிக்கு மேற்படலாகாது. அங்கு சிறுத்தை வாழ்கின்றது, மரைகள் மிகுதி. இருளில் நடக்கும்போது தனித்துச் செல்லாது கூடியே செல்க.

உலக முடிவில் விளிம்பருகே செல்லல் ஆகாது. 2015 ஆம் ஆண்டில், படம் பிடிப்பதற்காகப் பின்னோக்கி நகர்ந்த வெளிநாட்டவர் ஒருவர் அங்கிருந்து தவறி வீழ்ந்தார். இடையிலே மரமொன்று தாங்கியதனால் உயிர் பிழைத்தார். எல்லோருக்கும் மரம் வாய்ப்பதில்லை.

புறப்படுமுன் செய்யவேண்டியவை இன்னும் சில. வனசீவராசிகள் திணைக்களத்தின் வாயிலில் அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டும். வாயில் காலை 6 மணிக்குத் திறப்பது வழக்கம். எனினும், நேரம், கட்டணம், வீதியில் நடந்து செல்லுதற்கான விதி ஆகியவற்றை முன்னரே விசாரித்துக்கொள்க. மலைநாட்டுப் புகையிரதப் பாதை புயலினாலும் மண்சரிவினாலும் நெடுங்காலம் தடைப்படுவதும் உண்டு. சேவை நடைபெறுகின்றதா, ஒஹியவில் நிற்கும் வண்டி எத்தனை மணிக்கு என்பதை அறியாது புறப்படலாகாது. அவ்வண்டி தவறினால் என் செய்வது என்பதற்கும் ஒரு விடை இருத்தல் வேண்டும்: தங்குமிடமாயினும், அழைத்தவுடன் வரும் வாகனமாயினும், இரண்டில் ஒன்றை முன்னரே ஒழுங்கு செய்க. மலைக்கு வராத ஒருவரிடம் குழுவினர் பெயரையும் வழியையும் எழுதிக் கொடுத்து, மாலை 6.30 மணிக்குள் செய்தி கிடைக்காவிடின் யாருக்கு அறிவிப்பது என்பதையும் சொல்லிச் செல்க.

இத்தனை கணக்கும் கட்டுப்பாடும் மலையின் இன்பத்தைக் குறைத்துவிடாவோ என இளைஞர் வினவலாம். குறைப்பதில்லை. நேரத்தைப் பற்றிய அச்சம் முதல்நாளே தாளில் இறங்கிவிட்டால், மறுநாள் மனம் காண்பதற்கும் கேட்பதற்கும் ஒழிவாகின்றது. குடைபோல் விரிந்த கீன மரத்தையும், செந்நிறமாய்ப் பூத்த மகாரத்மலையும், புல்வெளியில் தலைநிமிர்ந்து பார்க்கும் மரையையும் அமைதியாக நின்று காணலாம். அமைதியே அம்மலையின் பெருஞ்செல்வம். பாட்டும் கூச்சலும் பறையொலியும் ஊரிலே கிடைக்கும். அமைதி அங்கேதான் கிடைக்கும். அதனைக் கலைக்காதும், ஒரு தாள்துண்டையும் விட்டுவராதும் மீள்வோனே மலையை அறிந்தோன்.

பெற்றோர் தம் பிள்ளைகளை நம்மை நம்பி அனுப்புகின்றனர். சென்ற தொகை குறையாது மாலையில் ஒஹிய நிலையத்தில் தலை எண்ணி முடிக்கும்வரை எந்த நடையும் நிறைவேறியதாகாது. மலைநாட்டிலே பணிபுரியும் பழைய மாணவர் பலர் உளர். இவ்விழா ஆண்டில் அவர்கள் மாணவரோடு சேர்ந்து இத்தகைய நடை ஒன்றை ஒழுங்கு செய்வாராயின், கல்லூரியின் மூத்தோரும் இளையோரும் ஒரே வழியில், ஒரே கட்டுச்சோற்றைப் பகிர்ந்து, ஒரு பகல் நடந்த பேறு கிட்டும். அதற்கு இக்கட்டுரை ஒரு சிறு வழிகாட்டியாக அமையுமாயின் அதுவே போதும்.